பாஸ் கிடாரின் கழுத்து இளைத்த கதை

மூணாம் கேட் ரயில்வே காலனியில், மாதா கோயில் திருவிழாவுக்கு இன்னும் மாசக்கணக்கில் நாள் கிடக்கையில், ஞானாதிக்கத்தின் பாஸ் கிடாருக்குக் கழுத்து இளைக்கத் தொடங்கியது. ஒரேயடியாக இளைக்கவில்லை, சோப்புக் கட்டி கரைகிற மாதிரி, இன்றைக்குப் பார்த்தால் நேற்று மாதிரியே இருந்துகொண்டு, போன வாரத்தை நினைத்துப் பார்த்தால் மட்டும் கை கொஞ்சம் ஏமாந்துபோகிற மாதிரி இளைத்தது. காலனியில் இதற்கு யாரும் வாயைப் பிளக்கவில்லை. மரம் இளைக்கும், இரும்பு தேயும், மனுஷன் கூனுவான், இதிலே அதிசயப்பட என்ன இருக்கிறது? இளைத்தது எங்கே போச்சு என்பதுதான் அவர்களுடைய கேள்வி. ஏனென்றால் அது ஒர்க்‌ஷாப் காலனி. எஞ்சின் சக்கரம் தேய்ந்தால் எவ்வளவு தேய்ந்தது என்று நூலிழை பிசகாமல் அளந்தே பழகின ஜனம். வீட்டில் சாம்பார் வாளியை வைக்கிற இடத்தில் வெர்னியர் அளவுகோலை வைத்திருக்கிற ஜனம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பொருள் குறைந்தால், அதை எவனோ எடுத்திருக்கிறான் என்றுதான் முதலில் தோன்றும்.

பாஸ் கிடார் என்றால் என்னவென்று தெரியாதவர்களும் இருப்பார்கள். பாட்டுக்கு அடியில் 'தும் தும்' என்று ஒன்று ஓடுமே, அதுதான். ஓடுகிற வரைக்கும் ஒருத்தரும் கவனிக்க மாட்டார்கள், நின்றுபோனால் பந்தலே திரும்பிப் பார்க்கும். ஞானாதிக்கம் 'தேன்துளி இன்னிசைக் குழு'வில் அதன் ஆரம்ப நாளிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். அவருடைய பாஸ் ஜப்பானில் செய்தது, காலனியை விட்டு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு எஞ்சின் டிரைவர் குடும்பம் விட்டுப்போனது. அந்தக் காலத்துக் கருவிகளுக்கே கழுத்து தடிமன்தான், இது அதிலும் தடிமன். முதல் ஃப்ரெட் என்கிற கம்பிக்கோட்டுக்குப் பின்னால் இருபத்து மூன்று மில்லிமீட்டர். சும்மா எட்டிப் பிடிக்கிறவன் கையில் அடங்காது, உலக்கையைப் பிடித்த மாதிரி இருக்கும். "மெலிஞ்ச கழுத்துல சத்தமும் மெலிஞ்சுதான்டா வரும். இப்ப வர்றதெல்லாம் ஸ்கேலுக்குக் கம்பி கட்டின மாதிரி" என்று அவர் சொல்லாத மேடை கிடையாது.

அப்படிச் சொன்னது யாரைக் குத்த என்று எல்லோருக்கும் தெரியும். அவருடைய தம்பி அமலதாஸ், ஒரே சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு, அண்ணன் குழுவிலேயே சாதா கிடாரில் சும்மா கம்பி மீட்டிக்கொண்டிருந்தவன், போன வருஷம் ஒரு புது பாஸ் வாங்கி 'புது அலை' குழுவில் சேர்ந்துவிட்டான். அவனுடையதற்குப் பத்தொன்பது மில்லிமீட்டர்தான். அமலதாசுக்கோ ஒவ்வொரு கையும் முறம். அந்த மெல்லிசான கழுத்தை அந்தக் கை பிடிக்கும்போது விரல்கள் எங்கே போவதென்று தெரியாமல் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும். "அண்ணன் சீட்டுக்குத்தான் அடி போடறான்" என்று ஞானாதிக்கம் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

இந்தச் சந்தேகத்துக்கு உள்ளே இன்னொரு பயம் இருந்தது, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய இடது கட்டைவிரல் மூட்டு இறுகிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் ஒர்க்‌ஷாப்பில் உளி பிடித்த கை. காலையில் சட்டைப் பொத்தானை மனைவி பிலோமிதான் போட்டுவிட வேண்டும். மேடையில் மூன்றாவது பாட்டுக்கெல்லாம் கட்டைவிரலிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு நெருப்பு ஓடும். அந்த நாற்காலி போய்விட்டால் தனக்கு வேறு என்ன இருக்கிறது என்று நினைத்துப் பார்த்திருக்கிறார், ஒன்றும் தோன்றவில்லை. வேலை இன்னும் கொஞ்ச நாளில் முடிந்துவிடும், பிள்ளை குட்டி கிடையாது, பிலோமியோடு பேசுவதற்கு இருந்ததெல்லாம் பேசியாகிவிட்டது. அந்த 'தும் தும்' ஒன்றுதான் பாக்கி.

ஒருநாள் சாயங்காலம் ஒத்திகைக்கு உட்கார்ந்தபோது கழுத்து கைக்குள் கொஞ்சம் அதிகமாகவே அடங்கியது. ஞானாதிக்கம் வெர்னியரை எடுத்து வைத்தார். இருபத்து இரண்டரை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அதே இருபத்து இரண்டரை. பாலிஷ் மேலே ஒரு கீறல் கிடையாது, உறைக்குள் ஒரு சிட்டிகை மரத்தூள் கிடையாது. அப்படியென்றால் எடுத்தவன் கைதேர்ந்தவன் என்று அவர் புரிந்துகொண்டார்.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார். கீபோர்டு வாசிக்கிறவன் டீ குடிக்கப் போனால் அவன் கையைப் பார்த்தார். தபேலாக்காரர் தும்மினால், மரத்தூள் மூக்கில் ஏறிவிட்டதோ என்று பார்த்தார். பால்காரன், கேஸ் சிலிண்டர் போடுகிறவன், வீடு வீடாக ஜெபிக்க வருகிற சபைக்காரர்கள், ஒருத்தரையும் விடவில்லை. பாஸைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார், பீரோவுக்கு மேலே வைத்தார், அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தார், வைத்த இடத்தைப் பிலோமியிடம்கூடச் சொல்லவில்லை. அது எங்கே இருந்தாலும் இளைத்தது.

"ஏங்க, இப்பல்லாம் தைலம் கேக்கவே மாட்டேங்கிறீங்க?" என்றாள் பிலோமி. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது, வாயைத்தான் எப்போதாவது திறப்பாள். "நேத்து ஊறுகாய் பாட்டிலை நீங்களே தொறந்தீங்க. ரெண்டு வருசமா நான்தான் தொறந்து குடுக்கறேன்."

"நான் என்ன நோஞ்சானா?" என்று எகிறினார் ஞானாதிக்கம். "கண்ணுக்கு முன்னால சொத்து கரையுது, நீ ஊறுகாய் பாட்டிலப் பத்திப் பேசற."

"சொத்துதான் கரையுது, கை நல்லாயிருக்கே."

அவள் எதற்கு இப்படிப் பேசுகிறாள், யார் பக்கம் பேசுகிறாள் என்று அவர் அன்று முழுக்க யோசித்தார்.

அப்புறம்தான் சுவர் காட்டிக்கொடுத்தது. அந்தப் பக்கம் அமலதாஸ் பழகுகிற சத்தம் இத்தனை நாள் தகர டப்பா மாதிரி இருந்தது, இப்போது அடிவயிற்றிலிருந்து வந்தது. விரல் தடுமாற்றம் போய், ஒவ்வொரு சுரமும் நிதானமாக உட்கார்ந்து எழுந்தது. ஞானாதிக்கம் பேப்பர் வாங்குகிற சாக்கில் உள்ளே போனார். தம்பி குளித்துக்கொண்டிருந்தான். ஆணியில் தொங்கிய புது பாஸை எடுத்துக் கழுத்தைப் பிடித்தார். பிடித்த உடனே தெரிந்துவிட்டது. வெர்னியரும் அதையே சொன்னது: இவர் கழுத்தில் எவ்வளவு குறைந்ததோ, தம்பியின் கழுத்தில் அவ்வளவு கூடியிருந்தது, ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இல்லை.

அமலதாஸ் துண்டோடு வந்து நின்றான். "என்னண்ணே, வாசிச்சுப் பாக்கறீங்களா? இப்ப கைக்கு நல்லா வருது. என்னான்னே தெரியல."

"தெரியலையா? யாருக்குடா காது குத்தற? எப்படிடா எடுத்த?"

"எதண்ணே?"

"என் மரத்த!"

அமலதாஸ் அண்ணனைப் பார்த்தான், பாஸைப் பார்த்தான், தலையைத் துவட்டுவதை நிறுத்தினான். "நான் எதுக்குண்ணே எடுக்கறேன்? சத்தியமா எடுக்கல."

திருடன் வேறு என்ன சொல்வான் என்று ஞானாதிக்கம் நினைத்தார். அதையே தெருவில் நின்று சத்தமாகவும் சொன்னார்.

விஷயம் காலனியின் கிளப்பான இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனது. அங்கே எல்லா வழக்குக்கும் தீர்ப்பு சொல்கிறவர் கேஜ் வரதராஜுலு, ஒர்க்‌ஷாப்பில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அளந்து சொன்னால் சாமியே சொன்ன மாதிரி. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டாம் பூசை முடிந்ததும் பில்லியர்ட்ஸ் மேசையில் பச்சைத் துணி மேலே இரண்டு பாஸையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைப்பார்கள். வரதராஜுலு பனியன் துணியால் வெர்னியரைத் துடைத்து, முதல் ஃப்ரெட்டில் அளந்து, இரண்டு எண்ணையும் உரக்கச் சொல்வார். "பழசு, இருபத்து ஒண்ணே முக்கால்! புதுசு, இருபதே கால்!" கூட்டம் 'ச்சொ' கொட்டும். பூசைக்கு வராத ஆட்களும் அளவுக்கு வந்தார்கள். எள் விழ இடமில்லை. வாசலில் சுண்டல் வண்டி வந்து நின்றது, பட்டாணி வண்டியும் வந்தது, பிறகு இரண்டு வண்டிக்காரர்களும் என் படியைவிட உன் படி சின்னது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள்.

செய்தி பரவி, திண்டுக்கல்லிலிருந்தும் கரூரிலிருந்தும் பாஸ் வாசிக்கிறவர்களெல்லாம் அவரவர் கருவியோடு வந்து இறங்கினார்கள். அகலம் அதிகமாகி உருண்டை குறைந்த மிகப் பழைய கழுத்துகள், அகலம் குறைந்து ஆழம் பெருத்த எழுபதுகளின் கழுத்துகள், வேகத்துக்காக வழித்தெடுத்த எண்பதுகளின் கழுத்துகள், ஐந்து கம்பிக்கு அகன்று பலகை மாதிரி தட்டையான இந்தக் காலத்துக் கழுத்துகள், எல்லாவற்றையும் பேசினார்கள், கையால் வளைத்து வளைத்துக் காட்டினார்கள்; ஆனால் ஒருத்தரும் உறையைத் திறக்கவில்லை. எங்கே தன்னுடையதும் பக்கத்தில் போய் இளைத்துவிடுமோ என்று முழங்காலுக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொண்டு, வந்த வண்டியிலேயே திரும்பிப் போனார்கள்.

அதற்குப் பிறகு காலனிக்கே அந்த நோய் தொற்றிக்கொண்டது. கீழ் வரிசையில் ஒருத்தி தன் சப்பாத்திக் கட்டை இளைத்துவிட்டதாகச் சொல்லிப் பக்கத்து வீட்டுக் கட்டையை அளக்கப் போனாள். தலையில் சொட்டை விழுந்த பாய்லர் ஷாப் மேஸ்திரி, எதிர்வீட்டுக்காரருக்குப் புதிதாகக் கிருதா முளைப்பதைக் கவனித்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். மருமகளின் பின்னல் கனப்பதையும் தன் கொண்டை சிறுப்பதையும் ஒரு மாமியார் சேர்த்துவைத்துப் பார்த்தாள். யாருக்கு எது கூடினாலும் அது யாரிடமிருந்தோ வந்தது என்றாகிவிட்டது. பிள்ளை பெற்றவள்கூடக் குழந்தையின் எடையை வெளியே சொல்லவில்லை.

கடைசியில் இரண்டு பாஸையும் இன்ஸ்டிட்யூட்டின் இரும்பு பீரோவில் வைத்து, இரண்டு பூட்டுப் போட்டு, ஒரு சாவியை வரதராஜுலுவும் இன்னொன்றைப் பங்குச் சாமியாரும் வைத்துக்கொண்டார்கள், பூட்டின் மேல் அரக்கு வைத்தார்கள். ஒத்திகைக்கும் கச்சேரிக்கும் மட்டும் பத்துப் பேர் முன்னிலையில் வெளியே வரும். அரக்கு உடையவில்லை. அளவு மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது.

இதற்கு மேலாவது அமலதாசை விட்டுவிடுவார்கள் என்று பிலோமி நினைத்தாள். வரதராஜுலு விடவில்லை. "எப்படி எடுத்தான்னு நமக்குத் தெரியல, ஒத்துக்கறேன்" என்றார். "ஆனா குறைஞ்சது இங்க, கூடினது அங்க. இதவிட என்னய்யா சாட்சி வேணும்? கையால எடுக்கலன்னா மனசால எடுத்திருக்கான்." கூட்டம் அதில் இருந்த நியாயத்தைப் பார்த்துத் தலையாட்டியது. அமலதாசுக்குத் தண்ணீர்க் குழாயில் யாரும் இடம் விடவில்லை. அவன் பிள்ளைகளை யாரும் தங்கள் வீட்டு நிலைக்கதவைத் தொட விடவில்லை.

அந்த மாதங்களில் ஞானாதிக்கம் வாசித்தது மாதிரி அதற்கு முன்னால் எப்போதும் வாசித்ததில்லை. பாடகர் பாட்டை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார். மேடை முடிந்ததும் முன்பெல்லாம் பாஸை ஆள்விட்டுத் தூக்குகிறவர் இப்போது தானே தூக்கிக்கொண்டு நடந்தார். அவருக்கு அது ஒன்றும் தெரியவில்லை. மனசு முழுக்க வெர்னியரில் இருந்தது. இன்னும் எவ்வளவு போகும், கழுத்துக்கு உள்ளே ஓடுகிற இரும்புக் கம்பி எப்போது தலைகாட்டும், அன்றைக்கு நாற்காலி போய்விடுமே என்றுதான் சுரத்துக்குச் சுரம் கணக்குப் போட்டார்.

இரண்டு கழுத்தும் சரிசமமாக வந்துவிட்ட ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு வந்தது.

"தேஞ்ச சாமானை நாம என்ன பண்ணுவோம்?" என்று கேட்டார் வரதராஜுலு.

"ஒரிஜினல் சைஸுக்குக் கொண்டு வருவோம்!" என்றது கூட்டம். அந்த ஊருக்கு வேறு பதில் தெரியாது. தேய்ந்த அச்சோ, தேய்ந்த பிஸ்டனோ, எதுவானாலும் பூசி நிரப்பிப் பழைய அளவுக்குக் கடைந்துவிட்டால் தீர்ந்தது.

"புதுசுல கூடினத சீவி எடுக்கணும். சீவினத பழசுல ஒட்டணும். யாருக்கும் நஷ்டமில்ல. என்ன ஞானம்?"

"சரிங்க சார்" என்றார் ஞானாதிக்கம்.

பிலோமி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். கூட்டத்தில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. "சார், மரத்த அளந்தீங்க. இவரு கைய ஒருத்தராவது பாத்தீங்களா? போன வருசம் சட்ட பொத்தான நான் போட்டு விட்டேன். இப்ப இவரே போட்டுக்கறாரு. அது பாட்டுக்கு நடக்கறத எதுக்கு நிறுத்தறீங்க?"

"வீட்டுக்குப் போ" என்றார் ஞானாதிக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு. காலனி முழுக்கத் தன் கையைப் பார்ப்பது அவருக்குத் தாங்கவில்லை. "பொம்பளைக்கு இது புரியாது சார். அவன் பக்கம் பேசறா. கைக்கு ஒண்ணுமில்ல, நீங்க ஆரம்பிங்க."

மர ஷாப்பில் வேலை பார்த்த ராமலிங்கம் இழைப்புளியும் உப்புத்தாளும் எடுத்தார். அமலதாஸ் தன் பாஸைத் தானே கொண்டுவந்து மேசையில் வைத்தான். இழைக்கத் தொடங்கியதும் சுருள் சுருளாக மரம் உதிர்ந்தது, கீழே விரித்த பேப்பரில் ஒரு துகள் சிந்தாமல் சேர்த்தார்கள். அவன் ஒரு தடவைதான் பேசினான். "அண்ணே, இப்பத்தான் எனக்குக் கையில வந்துச்சு."

"என்னோடத வெச்சுக்கிட்டுத்தான வந்துச்சு" என்றார் ஞானாதிக்கம்.

சீவலைப் பொடித்து, பசையில் குழைத்து, பழைய கழுத்தின் முதுகில் பூசி, காயவைத்து, தேய்த்து, பாலிஷ் போட்டார்கள். வரதராஜுலு அளந்தார். முதல் ஃப்ரெட்டில் இருபத்து மூன்று. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. அடுத்த ஞாயிறும் இருபத்து மூன்று, அதற்கடுத்த ஞாயிறும் இருபத்து மூன்று. அளவு நின்றுவிட்டது என்று அறிவித்தார்கள். சப்பாத்திக் கட்டைகள் அவரவர் வீட்டுக்குத் திரும்பின.

திருவிழா மேடையில், தேர் சுற்றி வந்த சாயங்காலம், தேன்துளியின் கச்சேரி. ஞானாதிக்கம் வெள்ளைச் சட்டையில் தன் நாற்காலியில் உட்கார்ந்து பாஸைத் தோளில் மாட்டினார். முதல் பாட்டில் கட்டைவிரல் கழுத்தைச் சுற்றிப் போகவில்லை. அவர் திரும்பத் திரும்பத் தள்ளினார்; இறுகிய மூட்டுக்கும் அந்தத் தடிமனுக்கும் நடுவே இடமே இல்லை. நெருப்பு முழங்கைக்கு ஏறியது, முழங்கையிலிருந்து தோளுக்கு ஏறியது. இத்தனை மாசம் அது எங்கே போயிருந்தது என்று அப்போதுதான் முதல்முதலாக அவருக்குக் கேட்கத் தோன்றியது. இரண்டாவது பாட்டின் நடுவில் விரல்கள் அப்படியே பூட்டிக்கொண்டன. பாட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது நின்றது. பந்தல் முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தது. மைக் செட்காரன் ஒயர் போயிற்றோ என்று ஓடிவந்தான். வரதராஜுலு முன் வரிசையில் எழுந்து நின்று, "சைஸு சரியாத்தானேய்யா இருக்கு?" என்றார்.

மறுநாள் காலையில் ஞானாதிக்கம் பாஸைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். இடது கையால் தூக்க முடியவில்லை, அணைத்துக்கொண்டு போனார். அமலதாஸ் பிள்ளைகளுக்கு இட்லி வைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய பாஸ் கம்பி தளர்ந்து ஆணியில் தொங்கியது, அவன் அதைத் தொட்டே நாளாகியிருந்தது. ஞானாதிக்கம் அதை இறக்கினார், கட்டிலில் படுக்க வைத்தார், தன்னுடையதையும் அதன் பக்கத்தில், கழுத்தும் கழுத்தும் உரசும்படி படுக்க வைத்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எடுத்துக்கடா" என்றார்.

அமலதாஸ் கையைக் கழுவிவிட்டு வந்தான். "என்னண்ணே?"

"முன்ன எடுத்தியே, அதேமாதிரி. எவ்ளோ வேணுமோ எடுத்துக்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். வரதராஜுலு கேட்டா நான்தான் குடுத்தேன்னு சொல்றேன்." தன் பாஸைத் தம்பியின் பாஸோடு இன்னும் நெருக்கி வைத்தார். "உனக்குத்தான் தடிமன் வேணும். எனக்கு வேணாம்டா, என்னால முடியல. பிடிக்க முடியல. தெரிஞ்சுதான சொல்றேன், திருடுடா அமலா. இந்த ஒரு தடவ திருடு."

அமலதாஸ் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவருடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கட்டைவிரலை மெதுவாக மடக்கிப் பார்த்தான், அது மடங்கவில்லை. பிள்ளைகள் இட்லியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞானாதிக்கம் வலது கையால் வெர்னியரை எடுத்துக் கழுத்தில் வைத்தார். இருபத்து மூன்று. கொஞ்சநேரம் பொறுத்து மறுபடியும் வைத்தார்.

"எனக்கு எப்படின்னு தெரியாதுண்ணே" என்றான் அமலதாஸ். "அப்பவும் எனக்குத் தெரியாது."

ஞானாதிக்கம் அன்றைக்குத்தான், முதல் தடவையாக, தம்பி சொன்னதை நம்பினார்.